பட்டறை டியூப்லைட்டை எல்இடிக்கு மாற்றுவது: சோக், ஒயரிங், சுழலும் சக்

பட்டறையில் டியூப்லைட் ஒன்று மினுக்க ஆரம்பித்ததும் முதலில் வரும் யோசனை, "ஒரு எல்இடி டியூப் வாங்கி அதே இடத்தில் மாட்டிவிடலாமே" என்பதுதான். நீளம் அதே நான்கடி. இரண்டு முனையிலும் அதே இரட்டைப் பின். ஹோல்டரில் செருகித் திருப்பினால் அழகாக உட்கார்ந்துவிடும். சில செட்டில் (டியூபைத் தாங்கும் தகரப் பட்டியும் அதற்குள் இருக்கும் சாமானும்தான் செட்) உடனே எரியும். வேறு செட்டில் எரியாது, அல்லது விட்டு விட்டு மினுக்கும். ஒரு சிலதில் ஸ்விட்ச் போட்டதுமே எம்சிபி (ஓட்டம் அளவு மீறினால் தானே அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழும். டியூப் ஒன்றுதான், ஆனால் செட்டுக்குள் இருக்கும் சாமான் வேறு. வாங்கப் போகும் முன் செட்டின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

வீட்டுக்கூடத்தில் விளக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் எரிச்சலோடு முடிந்துவிடும். பட்டறையில் அந்த வெளிச்சத்தை நம்பித்தான் சுழலும் பிட்டுக்கு ஓர் அங்குலம் தள்ளி விரலை வைக்கிறோம். அதனால் மின்சாரச் செலவு எவ்வளவு குறையும் என்ற கணக்கை நான் கடைசியில்தான் போடுவேன்.

பழைய டியூப்லைட் எப்படி எரிகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானே விளங்கிவிடும். குண்டு பல்பில் இழை பழுத்து வெளிச்சம் தருகிறது. டியூப்லைட்டில் அப்படி இல்லை. இரு முனையிலும் உள்ள சின்ன இழைகள் சூடாகி எலெக்ட்ரான்களை விடும். குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவி வழியாக மின்சாரம் பாயும். பாதரச அணுக்கள் 254 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதாக் கதிரை வெளியிடும். கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைப் பொடி அதை வாங்கிக்கொண்டு நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றிவிடும். சிக்கல் எங்கே என்றால், ஆவிக்குள் ஓட்டம் தொடங்கிவிட்டால் அதன் தடை குறைந்துகொண்டே போகும். தடை குறையக் குறைய ஓட்டம் கூடும், ஓட்டம் கூடக் கூட தடை இன்னும் குறையும். பிடித்து நிறுத்த ஒன்று இல்லாவிட்டால் சில நொடிகளில் டியூப் போய்விடும். அதைப் பிடித்து நிறுத்துவதுதான் சோக்.

சோக் இன்னொரு வேலையும் செய்கிறது. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் ஈருலோகத் தகடு சூட்டில் வளைந்து சுற்றை மூடும், பிறகு ஆறித் திறக்கும். திறக்கும் அந்தக் கணத்தில் சோக்கின் சுருளில் இருந்து பல நூறு வோல்ட் உதை ஒன்று கிளம்பும். டியூப் பற்றிக்கொள்வது அந்த உதையில்தான். ஸ்விட்ச் போட்டதும் இரண்டு மூன்று முறை கண் சிமிட்டிவிட்டு எரிவதற்குக் காரணம் இதுவே.

எல்இடி டியூபுக்கு இது எதுவும் வேண்டாம். நீளமான பட்டையில் வரிசையாகச் சின்னச் சின்ன எல்இடிகள் இருக்கும். ஒரு முனையில், உலோக மூடிக்குள், டிரைவர் என்ற சிறு மின்சுற்று இருக்கும். வரும் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி, இவ்வளவு ஓட்டம்தான் என்று அதுவே அளந்து விடும். அதாவது சோக்கின் பொறுப்பை டியூபே தனக்குள் எடுத்துக்கொண்டுவிட்டது. பழைய செட்டில் புது டியூபை மாட்டும்போது, ஒரே ஓட்டத்தைக் கட்டுப்படுத்த இரண்டு பேர் நிற்கிறார்கள். அவர்கள் ஒத்துப்போகிறார்களா, ஒருவரை வெளியே அனுப்ப வேண்டுமா என்பதுதான் இந்த வேலை முழுவதும்.

செட்டில் கனமான, இரும்புத் தகடு அடுக்கிய பழைய சோக் இருந்தால், டியூபோடு ஒரு டம்மி ஸ்டார்ட்டர் கொடுப்பார்கள். பார்க்க ஸ்டார்ட்டர் போலவே இருக்கும், உள்ளே ஒரு ஃபியூஸ் மட்டும்தான். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு இதைத் திருகினால் வேலை முடிந்தது. ஒயரைத் தொடவே வேண்டாம். சோக் வீணாக மின்சாரம் தின்னுமே என்று சிலர் தயங்குவார்கள். 36 வாட் டியூபுக்கு அந்தச் சோக் வழியாக ஏறக்குறைய 0.43 ஆம்பியர் ஓடியது. 18 வாட் எல்இடிக்கு, 230 வோல்ட் லைனில், ஓடுவது 0.1 ஆம்பியருக்கும் குறைவு. சுருளின் சூடு ஓட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், முன்பு 8, 10 வாட் தின்ற சோக் இப்போது அரை வாட் அளவுக்குத்தான் தின்னும். எனவே அது ஒரு பெரிய குறை இல்லை.

எலெக்ட்ரானிக் சோக் இருந்தால் கதை வேறு. அது டியூபுக்குக் கொடுப்பது 20 கிலோஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட அதிர்வெண்ணில் வரும் மின்சாரம். டியூபின் இழை இருக்கிறதா, டியூப் பற்றிக்கொண்டதா என்று அதுவே சோதித்தும் பார்க்கும். எல்லா எல்இடி டியூபும் இதனோடு ஒத்துப்போகாது. எந்தெந்தச் சோக்கோடு எரியும் என்று தயாரிப்பாளர் பட்டியல் தருவார். உங்கள் சோக் அதில் இருந்தால் சரி. இருந்தாலும், நாளைக்கு அந்தச் சோக் போனால் விளக்கும் போகும், புதிதாக ஒரு சோக் தேட வேண்டியிருக்கும். பழுதாகும் சாமானை இரண்டாக்கிக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை.

மூன்றாவது வழி, சோக்கையும் ஸ்டார்ட்டரையும் வெட்டி எடுத்துவிட்டு ஃபேஸையும் நியூட்ரலையும் நேராக ஹோல்டருக்குக் கொண்டுபோவது. பட்டறைக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் மிகக் கவனமாகச் செய்ய வேண்டியதும் இதுதான். எலெக்ட்ரீஷியன் வேலை பழகாதவர் தெரிந்தவரைக் கூப்பிடுவதே நல்லது.

ஸ்விட்சை அணைத்தால் போதாது, மெயினையோ எம்சிபியையோ இறக்க வேண்டும். பழைய ஒயரிங்கில் ஸ்விட்ச் நியூட்ரலில் மாட்டியிருப்பது அபூர்வமில்லை. அப்படி இருந்தால் விளக்கு அணைந்திருக்கும், சோக்கில் ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும். (எல்இடி போட்ட பிறகு ஸ்விட்சை அணைத்தும் டியூப் மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருந்தால், பல நேரம் இந்தத் தவறுதான் வெளியே தெரிகிறது.) இறக்கிய பிறகும் டெஸ்டரால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை, கரண்ட் இருக்கும் வேறொரு பாயிண்டில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூடியைத் திறந்தால் வருடக்கணக்கான தூசி, மரத்தூள், இரும்புப் பொடி. சோக்குக்கு நேர் மேலே தகரத்தின் பெயின்ட் பழுப்பேறி இருக்கும். ஒயரின் மேலுறை அங்கே மட்டும் விறைத்துப் போயிருக்கும், வளைத்தால் விரிசல் விடும். ஹோல்டரின் வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகி, டியூபைத் திருப்பும்போதே ஓரம் உடைந்து கையோடு வரும். இந்த நிலையில் இருக்கும் செட்டுக்குப் புது ஒயர், புது ஹோல்டர் எல்லாம் வாங்கி உயிர்கொடுப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. டிரைவரோடு ஒன்றாகவே வரும் முழு எல்இடி பட்டியை வாங்கி மாட்டிவிடுங்கள். செட் உறுதியாக, ஹோல்டர் நன்றாக இருந்தால் மட்டும் மேலே போகலாம். உருளை வடிவில் ஒரு கெப்பாசிட்டர் இருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும். சோக்கால் குறையும் பவர் ஃபேக்டரை (லைனில் இருந்து இழுக்கும் ஓட்டத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கை) சரிசெய்ய வைத்தது அது. சோக் போன பிறகு அதற்கு வேலையில்லை. தொடும் முன் அதில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிவிடவும் மறக்கக் கூடாது. 1980-க்கு முந்தைய செட்டாக இருந்தால், கெப்பாசிட்டருக்குள் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு. கசிவு தெரிந்தால் வெறும் கையால் தொடாதீர்கள்.

இப்போது ஒயரிங். எல்இடி டியூபில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஃபேஸும் நியூட்ரலும் ஒரே முனையின் இரண்டு பின்னுக்குப் போகும், மறுமுனை டியூபைத் தாங்க மட்டுமே. மற்றதில் ஒரு முனைக்கு ஃபேஸ், மறுமுனைக்கு நியூட்ரல். டியூபின் மேலேயும் அட்டையிலும் படம் அச்சிட்டிருக்கும். அந்தப் படம் சொல்வதே சட்டம். பக்கத்துப் பட்டறையில் எப்படிச் செய்தார்கள் என்பது இதற்கு உதவாது.

ஒரு முனை வகையில் ஹோல்டரைப் பார்க்க வேண்டும். சில ஹோல்டர்களில் இரண்டு பின் துளையும் உள்ளேயே தகட்டால் இணைந்திருக்கும். ஃபேஸையும் நியூட்ரலையும் அங்கே கொடுத்தால் நேரடி ஷார்ட். மல்டிமீட்டரில் ஒரு முறை பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். இரு முனை வகையில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கரண்ட் இருக்கும்போது ஒரு முனையைச் செருகிவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்திருந்தால், டியூப் வழியாக மறுமுனைப் பின்னுக்கு மின்சாரம் வந்து நிற்கலாம். ஏணி மேல் நின்று, ஒரு கையால் தகரப் பட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டியூபைத் தூக்கும் ஆளை யோசித்துப் பாருங்கள். நல்ல டியூப்களில் இரு முனையும் உட்காராமல் மின்சாரம் கடக்காதபடி பாதுகாப்பு வைத்திருப்பார்கள். அது இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். இருந்தாலும் எம்சிபியை இறக்காமல் டியூபை மாற்றக் கூடாது.

தகரப் பட்டிக்கு எர்த் போயிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். எத்தனையோ பழைய செட்டில் எர்த் ஒயர் மேற்கூரை வரை வந்து, வெட்டப்பட்டு, டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருக்கும்.

வேலை முடிந்ததும் பட்டியின் மேல் ஒரு வரி எழுதி ஒட்டுவது கட்டாயம்: "சோக் எடுக்கப்பட்டது. எல்இடி டியூப் மட்டும் போடவும்." மூன்று வருடம் கழித்து வேறு ஒருவர், அலமாரியில் மிச்சமிருந்த பழைய டியூப்லைட்டை இதில் மாட்டலாம். ஒரு முனை ஒயரிங் செய்த செட்டில் அதன் இழைக்கு நேராக முழு மின்னழுத்தமும் போகும், அந்த நொடியே இழை எரிந்து தெறிக்கும். டம்மி ஸ்டார்ட்டர் வழியில் போனவர்களுக்கும் இதே எச்சரிக்கை. டம்மி இருக்கும் செட்டில் பழைய டியூபைப் போட்டால், டியூப் பற்றாது, இரு முனை இழையும் சிவந்து எரிந்துகொண்டே இருக்கும், சோக் கொதிக்கும்.

அப்புறம், பட்டறைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பழைய சோக் போட்ட டியூப் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண் அதை உணராது, ஆனால் சுழலும் பொருள் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று தாடை உள்ள லேத் சக் (வேலைப்பொருளைக் கவ்விப் பிடித்துச் சுழலும் பகுதி) நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடினால், ஒரு பிரகாசத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சரியாக மூன்றில் ஒரு சுற்றுப் போயிருக்கும். ஒரு தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை வந்து நிற்கும். பார்ப்பவருக்குச் சக் நின்றுகொண்டிருப்பது போலவே தோன்றும். நான்கு தாடைச் சக்குக்கு இது 1500 சுற்றில் நடக்கும்.

அபூர்வமாக நேரும் தற்செயல் என்று இதை ஒதுக்க முடியாது. விளக்கும் மோட்டாரும் ஒரே லைனில் இருந்து தாளத்தை வாங்குகின்றன. நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டாரின் ஒத்திசைவு வேகம் (லைனின் தாளத்தோடு சரியாக ஓடினால் வரும் வேகம்) நிமிடத்துக்கு 1500 சுற்று, லோடில் அது ஓடுவது ஏறக்குறைய 1440. அதன் தண்டில் நேராக மாட்டிய நான்கு ஆரச் சக்கரத்தை அந்த டியூப் வெளிச்சத்தில் பார்த்தால், ஒவ்வொரு பிரகாசத்துக்கும் கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, சரியாகச் சொன்னால் 0.24 சுற்று, நகர்ந்திருக்கும். அந்த 0.01 குறை நொடிக்கு 100 முறை சேர்ந்து, நொடிக்கு ஒரு சுற்றுப் பின்பக்கமாகப் போவது போலக் காட்டும். நொடிக்கு 24 சுற்று முன்னோக்கி ஓடும் சக்கரம், கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்ற வேகத்தில் பின்னோக்கி ஊர்வதாகத் தெரியும். இரைச்சலான பட்டறையில், காதை மூடிக்கொண்டு வேலை செய்பவருக்கு, கண் சொல்வதைத் தவிர வேறு தகவல் இல்லை. இதற்காகத்தான் அக்காலத்தில் இரட்டை டியூப் செட்டில் ஒன்றுக்குக் கெப்பாசிட்டர் சேர்த்து இரண்டின் துடிப்பும் ஒரே கணத்தில் வராதபடி தள்ளி வைத்தார்கள். மூன்று ஃபேஸ் உள்ள இடங்களில் அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு ஃபேஸில் கொடுத்தார்கள்.

எல்இடிக்கு மாறினால் இது தீர்ந்துவிடும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. பழைய டியூபின் வெள்ளைப் பொடிக்குச் சிறிது பின்னொளி உண்டு. மின்சாரம் பூஜ்ஜியத்தைத் தொடும் கணத்திலும் அது முழுதாக இருண்டுவிடாது. எல்இடியின் பின்னொளி மிகக் குறைவு. டிரைவரில் போதிய கெப்பாசிட்டர் போடாமல் மலிவாகச் செய்த டியூப், நொடிக்கு 100 முறை முழுக்கவே அணைந்து எரியும். அதாவது பழையதைவிட மோசம். நல்ல டிரைவர் உள்ள டியூபில் துடிப்பு அநேகமாக இருக்காது. மின் பொறியாளர்களின் ஐஇஇஇ அமைப்பின் 1789 என்ற பரிந்துரை, 100 ஹெர்ட்ஸில் துடிப்பு 8 சதவீதத்துக்குள் இருந்தால் ஆபத்து குறைவு என்கிறது. ஐரோப்பிய விதிகளில் இதற்கு, அசையும் பொருளில் துடிப்பு எவ்வளவு தெரியும் என்று சொல்லும் எஸ்விஎம் என்ற அளவு இருக்கிறது, 0.4-க்கு மேல் போகக் கூடாது. அட்டையில் இந்த எண்கள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், ஒரே ஒரு டியூபை வாங்கிவந்து எரியவிட்டு, அதன் கீழே வெள்ளிநிறக் கம்பி ஒன்றை வேகமாக விசிறிப் பாருங்கள். கம்பி ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் சரி. தனித்தனிக் கம்பிகளாக, விரல் விரித்தது போலத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செல்போனின் ஸ்லோமோஷனிலும் துடிப்பு பளிச்சென்று தெரியும். ஒன்றில் பார்த்த பிறகே பத்து வாங்க வேண்டும்.

வெளிச்சத்தின் அளவில் அட்டையில் உள்ள லூமனை (விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தை) மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். 36 வாட் டியூப்லைட் புதிதாக இருக்கும்போது 3000 லூமனுக்கு மேல் தரும், 18 வாட் எல்இடி டியூப் 2000 அளவில்தான் தரும். ஆனால் டியூப்லைட் எல்லாப் பக்கமும் வெளிச்சத்தைச் சிதறும். பாதி மேலே கூரைக்குப் போய், கூரை வெள்ளையாக இருந்தால் கொஞ்சம் திரும்பி வரும், புகை படிந்த தகரமாக இருந்தால் அங்கேயே போய்விடும். எல்இடி டியூப் பெரும்பாலும் கீழ்நோக்கியே எறியும். அதனால் மேஜைமேல் விழும் வெளிச்சம் அநேகமாகச் சமமாகவே இருக்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு. கூரையில் இருந்து திரும்பி வந்த அந்த மென்மையான வெளிச்சம்தான் நிழல்களை நிரப்பிக்கொண்டிருந்தது. அது போனதும் கையின் நிழலும் கருவியின் நிழலும் கூர்மையாகும். பால்வெள்ளை மூடி உள்ள டியூபாக வாங்குவதும், குறைந்த வாட்டில் அதிக டியூப்களைப் பரவலாக மாட்டுவதும், மேஜைக்கு நேர் மேலே ஒன்று, தோளுக்குப் பின்னால் ஒன்று என்று வைக்காமல் மேஜையின் முன் விளிம்புக்கு மேலே நீளவாக்கில் வைப்பதும் இதைச் சமாளிக்கும்.

எத்தனை டியூப் என்று ஒரு கணக்குப் போடலாம். சாதாரண இயந்திர வேலைக்கு 300 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்தான் லக்ஸ்), நுண்ணிய வேலைக்கும் மர இயந்திரங்களுக்கும் 500 லக்ஸ் என்பது ஐரோப்பியத் தரநிலையில் உள்ள அளவு. 6 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, 24 சதுர மீட்டர். 500 லக்ஸ் வேண்டுமென்றால் வேலைமட்டத்தில் 12,000 லூமன் விழ வேண்டும். சுவர், தூசி, வயது எல்லாம் சேர்ந்து பாதியை விழுங்கும் என்று வைத்தால் 24,000 லூமன் மாட்ட வேண்டும். 2000 லூமன் டியூப் 12. பலரும் நான்கை மாட்டிவிட்டு எல்இடியில் வெளிச்சம் போதவில்லை என்பார்கள்.

நிறத்தைக் காட்டும் திறனைச் சிஆர்ஐ என்ற எண்ணால் சொல்வார்கள். பழைய மலிவு டியூப்லைட்டில் அது 60-ஐ ஒட்டி இருக்கும், இப்போதைய எல்இடியில் 80 சாதாரணம். 80 இருந்தும் ஆழ்ந்த சிவப்பை மங்கலாகக் காட்டும் எல்இடிகள் உண்டு. பழுப்பு ஒயரையும் சிவப்பு ஒயரையும் பிரித்துப் பார்ப்பவரும், மரத்துக்கு வார்னிஷ் நிறம் சேர்ப்பவரும் 90-க்கு மேல் தேடுவது நல்லது.

அட்டையில் 50,000 மணி நேரம் என்று எழுதியிருப்பது எல்இடிகளின் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறைய ஆகும் காலம். டிரைவர் எப்போது போகும் என்று அது சொல்வதில்லை, முதலில் போவது பெரும்பாலும் டிரைவர்தான். அதிலுள்ள எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள், ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடும்போதும் ஏறக்குறையப் பாதியாகும். வெயில் காயும் தகரக் கூரைக்கு ஒட்டி மாட்டிய டியூப் சீக்கிரம் போவது இதனால்தான். சங்கிலி போட்டு ஓரடி கீழே தொங்கவிட்டால் காற்று ஓடும். வெல்டிங் மெஷினும் பெரிய மோட்டாரும் இருக்கும் லைனில் மின்னழுத்தம் துள்ளும். இரும்புச் சோக் அதையெல்லாம் பொருட்படுத்தியதே இல்லை, டிரைவர் தாங்காது. விளக்குக்குத் தனி லைன் இழுத்து, போர்டில் ஒரு சர்ஜ் பாதுகாப்புச் சாதனம் வைத்தால் வருடத்துக்கு இரண்டு டியூப் மாற்றும் தொல்லை குறையும்.

இனி செலவுக் கணக்கு. 40 வாட் டியூபும் சோக்கும் சேர்ந்து 50 வாட் என்று வைத்துக்கொள்வோம். எல்இடி 20. பத்துச் செட்டில் 300 வாட் மிச்சம். நாளைக்கு எட்டு மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடும் பட்டறையில் 720 யூனிட் மிச்சமாகும், போட்ட பணம் திரும்பி வரும். வாரத்துக்கு நான்கு மணி நேரம் கதவைத் திறக்கும் வீட்டுப் பட்டறையில் வருடத்துக்கு 60 யூனிட்தான். அவர்கள் மாறுவதற்குக் காரணம் வேறு இருக்க வேண்டும், இருக்கவும் செய்கிறது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் 2023 மாநாட்டில், பொதுப் பயன்பாட்டு நீள டியூப்லைட்டுகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 முடிவுக்குள் நிறுத்த நாடுகள் ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் டி5, டி8 என்ற பருமன் உள்ள டியூப்லைட்டுகள் 2023 ஆகஸ்டிலேயே சந்தையில் இருந்து விலக்கப்பட்டுவிட்டன. மாற்று டியூப் கிடைப்பது எங்கும் அரிதாகும்.

கழற்றிய டியூப்களை மூலையில் சாய்த்து வைக்காதீர்கள். பட்டறையில் சாய்த்து வைத்தது எதுவும் ஒரு நாள் விழும். ஒவ்வொன்றுக்குள்ளும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, பழையவற்றில் இன்னும் அதிகம். புது எல்இடி டியூப்கள் வந்த அதே நீள அட்டைப்பெட்டிகளில் பழையவற்றைப் போட்டு மூடி, மின்கழிவு வாங்கும் இடத்துக்கு முழுதாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஒன்று உடைந்துவிட்டால் கதவு ஜன்னலைத் திறந்துவைத்து எல்லோரும் கால் மணி நேரம் வெளியே நின்றுவிட்டு, பிறகு கெட்டியான அட்டையால் துண்டுகளை அள்ளி, மிச்சப் பொடியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் வேண்டாம், அவை பாதரசத்தைக் காற்றில் கிளப்பிவிடும்.